கல் எங்கே பிறந்தது என்று பில்லில் எழுதுங்கள்: கடலூர், புதுச்சேரி நகைக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி நகைக்கடை உரிமையாளர்களுக்கு,

"கற்களின் தன்மைக்கும் மதிப்புக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல."

உங்களில் பலருடைய பில்லின் அடியில் இந்த வரி இப்போது பொடி எழுத்தில் அச்சாகி வருகிறது. முன்பு ஒன்றிரண்டு கடையில் மட்டும் பார்த்திருக்கிறேன். இன்று திருப்பாதிரிப்புலியூரில் வாங்கினாலும் அதே வரி, புதுச்சேரி நேரு வீதியில் வாங்கினாலும் அதே வரி. பேசி வைத்துச் செய்தீர்களா, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தீர்களா என்று எனக்குத் தெரியாது. எப்படி வந்திருந்தாலும் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லித்தான் இந்த மடல்.

நான் கல் கட்டுகிறவன். திருப்பாதிரிப்புலியூரில் அப்பாவின் பட்டறையில் தொழில் பழகி, பிறகு உங்கள் கடைகளுக்கே கூலிக்குக் கட்டிக் கொடுத்து, கண் மங்கியதும் நிறுத்தியவன். உங்களில் மூத்தவர்கள் என்னைப் பத்தரே என்று கூப்பிடுவீர்கள். இப்போது கவுன்ட்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் என் தங்கை கடைக்குப் போனபோது அவள் இன்னார் தங்கை என்றும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவகையில் நல்லதாயிற்று. யார் எவர் என்று தெரியாத வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பது தெரிந்தது.

தன் மகள் கல்யாணத்துக்காகத் தங்கை தன் கெம்பு அட்டிகையை மாற்றப் போனாள். அப்பா கையால் கட்டியது. கவுன்ட்டரில் இருந்த தம்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கல்லெல்லாம் டூப்ளிகேட்மா, இதுக்கெல்லாம் காசு வராது" என்று சொல்லி, அவள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து ஒரு தட்டில் கொட்டினார். கல் எடை, அடியில் இருந்த அரக்கு எடை, எல்லாம் கழிந்தது. கழிக்க வேண்டியதுதான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் "அந்தக் கல்லையாவது குடுங்க தம்பி" என்று கேட்டதற்கு, "அத வெச்சு என்னம்மா பண்ணப் போறீங்க" என்று சிரித்தாராம். கல் திரும்பி வரவில்லை.

அதே கடையில், அன்று மத்தியானம், அதற்கு மாற்றாக ஒரு சிவப்புக்கல் நெக்லஸ் வாங்கி வந்தாள். பில்லில் 'ரூபி நெக்லஸ்' என்று இருந்தது. கல்லுக்குத் தனி விலை, காரட் கணக்கில். அந்த விலையைப் பார்த்ததும்தான் நான் லென்ஸை எடுத்தேன். என் கண் போதாமல் என் மகளையும் பார்க்கச் சொன்னேன். கல்லுக்குள் வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், நடுவில் குமிழி. அப்பா கட்டிய அட்டிகையில் இருந்த அதே வகைக் கல்தான், அடுப்பில் வார்த்த ரூபி. காலையில் டூப்ளிகேட், மத்தியானம் ரூபி. உங்களிடம் வரும்போது ஒரு பெயர், உங்களிடமிருந்து போகும்போது இன்னொரு பெயர். நடுவில் 'நிர்வாகம் பொறுப்பல்ல'.

கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரு கடையோடு முடிகிற காரியமாக இருந்தால் நேரில் போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

முதலில் அந்த டூப்ளிகேட் என்ற பேச்சை எடுத்துக்கொள்கிறேன். சிந்தெடிக் கல், அதாவது அடுப்பில் செய்த கல், போலிக் கல் அல்ல. ரூபி என்பது அலுமினியம் ஆக்சைடு, அதில் துளி குரோமியம் கலந்ததால் சிவப்பு. பர்மாவில் மோகோக் மண்ணுக்குள் கிடைத்தாலும் அதுதான், அடுப்பில் வார்த்தாலும் அதுதான். வைரத்துக்கு 10 என்று வைக்கும் அளவில் கடினம் இரண்டுக்கும் 9, அடர்த்தி இரண்டுக்கும் தண்ணீரைப் போல ஏறக்குறைய 4 மடங்கு. சிவப்புக் கண்ணாடியை ரூபி என்று விற்றால் அது போலி. நாம் ஏ.டி. கல், அதாவது அமெரிக்கன் டைமண்ட், என்று விற்பது ஜிர்கோனியம் ஆக்சைடு. அதற்கும் வைரத்தின் கார்பனுக்கும் உறவே கிடையாது, பார்வைக்கு வைரம் போல இருக்கும், அவ்வளவுதான். மண்ணில் பிறந்தது, அடுப்பில் பிறந்தது, வேறு பொருளில் வேஷம் கட்டியது என்று மூன்று ஜாதி இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே 'கல்' என்ற சொல்லில் பில் போடுகிறீர்கள். விற்கும்போது மூன்றும் முதல் ஜாதி, வாங்கும்போது மூன்றும் கடைசி ஜாதி.

இந்த அடுப்புக் கல்லின் கதை உங்கள் கவுன்ட்டர் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் என் தங்கையின் கல்லைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்கள். நான் பாக்கெட்டில் வரும் கல்லைக் கட்டியவன்தான், படித்தவன் இல்லை. என் மகள் வேதியியல் படித்தவள். அவள் தேடிப் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டதை இங்கே எழுதுகிறேன்.

1880-களின் நடுவில் ஐரோப்பியச் சந்தைக்கு ஜெனீவா ரூபி என்று ஒரு கல் வந்தது. இயற்கை ரூபி என்றே விற்றார்கள். சந்தேகம் வந்து, பாரிஸின் வைர, ரத்தின வணிகர் சங்கம் விஞ்ஞானிகளிடம் கொடுத்துப் பார்த்தது. செய்த கல் என்று தெரிந்தது. 1886-இல் அந்தச் சங்கம் எடுத்த முடிவை நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். இந்த வகைக் கல்லைச் செயற்கைக் கல் என்று குறித்துத்தான் விற்க வேண்டும், குறிக்காமல் விற்றால் மோசடி, தண்டனைச் சட்டப்படி குற்றம். அதுவரை நடந்த லட்சக்கணக்கான பிராங்க் வியாபாரத்தையும் ரத்து செய்து, கல்லை விற்றவனிடமும் பணத்தைக் கொடுத்தவனிடமும் திருப்பச் சொன்னார்கள். அரசாங்கம் வந்து கழுத்தைப் பிடிக்கவில்லை. வியாபாரிகளே கூடி எடுத்த முடிவு. அன்றைக்குப் புதுச்சேரியும் அதே பிரான்சின் கீழ்தான் இருந்தது. 140 வருஷத்துக்கு முன்னால் பாரிஸ் வியாபாரிகளால் எழுத முடிந்ததை இன்று கம்ப்யூட்டர் பில் போடும் உங்களால் எழுத முடியாதா?

அதன் பிறகு வந்தவர் ஒகுஸ்த் வெர்னூய். பிரெஞ்சுக்காரர், வேதியியலாளர். தன் முறையை 1891-லும் 1892-லும் உறையில் போட்டு முத்திரை வைத்து விஞ்ஞானக் கழகத்தில் ஒப்படைத்துவிட்டு, 1902-இல்தான் வெளியே சொன்னார். அந்த அடுப்பை மகள் படம் போட்டுக் காட்டியபோது, ஊதுகுழலும் குமுட்டியும் பிடித்த எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. மேலே ஒரு டப்பா, அதில் மாவாகப் பொடித்த சுத்தமான அலுமினா. அமோனியம் படிகாரத்தைச் சுட்டு எடுக்கிற தூள் அது. டப்பாவை ஒரு சின்னச் சுத்தி தட்டிக்கொண்டே இருக்கும். தட்டத் தட்டத் தூள் சல்லடை வழியாக உதிர்ந்து, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எரிகிற 2,000 டிகிரிக்கு மேற்பட்ட தீயில் விழுந்து உருகும். கீழே ஒரு களிமண் குச்சி. அதன் நுனியில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்க இறக்க, சில மணி நேரத்தில் ஒரு கேரட் கிழங்கு வடிவத்தில் ரூபி நிற்கும். ஆறியதும் காம்பை ஒடித்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். குரோமியத்துக்குப் பதில் இரும்பும் டைட்டானியமும் சேர்த்தால் நீலம். அதையும் 1910 வாக்கில் அவரே செய்து காட்டினார். அடுப்பில் அடுக்கடுக்காக வளர்வதால்தான் உள்ளே வளைகோடு விழுகிறது. மண்ணில் வளர்ந்த கல்லில் கோடு நேராக, கோணமாகத்தான் போகும். பத்து மடங்கு லென்ஸில் பெரும்பாலும் தெரியும், தெரியாவிட்டால் மைக்ராஸ்கோப்பில் தெரியும்.

1907-லேயே இந்த முறையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கிலோ கல் வந்துகொண்டிருந்தது. 5 காரட் ஒரு கிராம். அப்படியானால் 50 லட்சம் காரட். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "பழைய நகை, பாட்டி ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது, அதனால் அசல் பர்மாக் கல்" என்று உங்கள் கடையிலும் சொல்கிறார்கள், வாடிக்கையாளரும் நம்புகிறார். ரங்கூன் கப்பலில் நம் ஊர் ஆட்கள் போய்வந்த காலத்திலேயே அடுப்புக் கல் உலகமெல்லாம் போய்விட்டது. பழசு என்பதால் இயற்கைக் கல் ஆகிவிடாது. ரங்கூன் கெம்பு என்று என் பட்டறைக்கு வந்தவற்றில் வளைகோடு உள்ள கற்களை நானே பார்த்திருக்கிறேன். பார்த்ததை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் உங்களிடம் மட்டும் சொல்லச் சொல்வீர்கள். கூலிக்காரன், அப்படியே செய்தேன்.

சுவிட்சர்லாந்தில் வாலே மாநிலத்தில் மோந்தே என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் நெல்லிக்குப்பத்தைவிடச் சின்ன ஊர். 1914-இல் ஹ்ராண்ட் ஜெவாஹிர்ஜியான் என்ற ஆர்மீனியர் அங்கே போய் இதே வெர்னூய் அடுப்பைப் போட்டுக் கல் வார்க்கத் தொடங்கினார். நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கம்பெனி நடக்கிறது. தொடங்கும்போதே 'விஞ்ஞானக் கல் தொழிலகம்' என்றுதான் பெயர் வைத்தார். மண்ணில் கிடைத்தது என்று ஒருநாளும் சொல்லவில்லை. அடுப்பில் செய்தோம் என்று சொல்லியே விற்றார்கள், பிழைத்தார்கள். கைக்கடிகாரத்துக்குள் சக்கர முனை சுழலும் இடத்தில் தேயாத கல் வேண்டுமே, அங்கே போனது இந்த மாதிரிக் கல்தான். உங்கள் அப்பாக்கள் கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தில் 17 ஜூவல்ஸ் என்று எழுதியிருக்குமே, அந்தப் பதினேழும் அடுப்பில் வார்த்த ரூபிதான். கடிகாரத்தில் பெருமையாக எண்ணிக்கை போட்ட கல்லை அட்டிகையில் இருந்தால் குப்பை என்கிறீர்கள்.

அவ்வளவு தூரம் ஏன், திருச்சியைப் பாருங்கள். சிந்தெடிக் கல் பட்டை தீட்டுவது அந்த ஊரிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட குடிசைத் தொழில். இன்று நொடிந்து கிடக்கிறது. வெளியிலிருந்து மலிவாக வரும் கல் ஒரு காரணம். செய்த கல்லுக்கு அதன் பெயரிலேயே ஒரு மரியாதையான சந்தையை நகைக்கடைகள் உண்டாக்காததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சொல்லி விற்றிருந்தால் வாங்க ஆள் இருந்திருக்கும். ஒளித்து விற்கிற பொருளுக்கு எப்படிப் பெயர் வரும்?

ஒளிக்கவில்லை என்பீர்கள். சரி, உங்கள் வைரக் கவுன்ட்டருக்குப் போவோம். அங்கே 'லேப் குரோன்', அதாவது ஆய்வகத்தில் வளர்த்தது, என்று தனிப் பலகை, தனி விலை, தனிச் சான்றிதழ். 1954 டிசம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வைரம் செய்தார்கள். அதைவிட அரை நூற்றாண்டு மூத்தது செய்த ரூபி. மத்திய அரசே ஆய்வகத்தில் வளர்க்கும் வைரத்துக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு 5 ஆண்டுகளில் ₹242 கோடி தருவதாக 2023-இல் அறிவித்தது. யாரும் அதை டூப்ளிகேட்டுக்குக் கொடுத்த பணம் என்று சொல்லவில்லை. வைரம் வாங்க வருகிறவர் கேள்வி கேட்பார், அதனால் எழுதுகிறீர்கள். கெம்புத் தோடு வாங்க வருகிறவர் கேட்கமாட்டார், அதனால் எழுதுவதில்லை. இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஹால்மார்க் இருக்கிறதே என்றும் சொல்வீர்கள். அந்த ஆறு எழுத்து எண் தங்கத்துக்குத்தான் சாட்சி. கல்லைப் பற்றி அது வாய் திறக்காது. குந்தன், போல்கி, ஜடாவு என்று கல் நிறையப் பதித்துக் கட்டும் நகைகளுக்கு ஹால்மார்க்கிலிருந்தே விலக்கு உண்டு. ஆக, கல் அதிகமாக இருக்கும் நகைக்கு இருக்கிற ஒரே சாட்சி உங்கள் பில். அதிலும் பொறுப்பல்ல என்று அச்சடித்துவிட்டால் வாங்கினவர் யாரைக் கேட்பார்?

கேட்கிறார்கள், கல் கட்டுகிறவனைத்தான் கேட்கிறார்கள். இதை நீங்கள் யோசித்ததே இல்லை. விரிசல் விழுந்த மட்டமான ரூபியில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பி, பளபளவென்று ஆக்கி விற்கும் சரக்கு இருபது வருஷமாகச் சந்தையில் ஓடுகிறது. மண்ணில் பிறந்த கல்தான், அதனால் 'நேச்சுரல்' என்று கூசாமல் சொல்லலாம். அதைக் கட்டிய மோதிரத்தை அளவு மாற்றப் பட்டறைக்கு அனுப்புவீர்கள். இன்ன கல் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்கள். வெங்காரம் தடவி ஊதுகுழல் தீ காட்டினால் அந்தக் கண்ணாடி உருகி வெளியே வந்து, கல் முழுக்க வெள்ளை வெள்ளையாக விரிசல் தெரியும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அரித்துவிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் காலங்காலமாகப் பூந்திக்கொட்டை, புளிப்பு, தீ என்று பழகியவர்கள். கல் கெட்டது என்று கூலியில் பிடித்தீர்கள். எனக்குப் பிடித்தீர்கள், என் பக்கத்து மணையில் உட்கார்ந்தவருக்கும் பிடித்தீர்கள். நீங்கள் டூப்ளிகேட் என்கிற அடுப்பு ரூபி அந்தத் தீக்கெல்லாம் இந்த மாதிரி இளகிப்போகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். செட் நகை சென்னையிலிருந்தும் ஜெய்ப்பூரிலிருந்தும் கட்டிய நிலையிலேயே வருகிறது. ஒரு ஜிமிக்கியில் இருக்கும் பொடிக்கல் அத்தனையையும் சோதிக்க முடியாது. ஒன்றில் இயற்கை, ஒன்றில் சிந்தெடிக் என்று கலந்துகூட வரும். ஒத்துக்கொள்கிறேன். சோதிக்க முடியாவிட்டால் 'சோதிக்காத கல்' என்று எழுதுங்கள். அதற்குத் தகுந்த விலை போடுங்கள். சோதிக்காத கல்லுக்கு ரூபி என்று பெயரும் ரூபியின் விலையும் வைத்துவிட்டு, கீழே கையைக் கழுவிக்கொள்வதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது.

இனி நான் கேட்பவை.

பில்லின் அடியில் உள்ள அந்த வரியை நீக்குங்கள். அந்த இடத்தில், தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, அரக்கு இருந்தால் அதன் எடை மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். நிகர எடை போடுவது ஹால்மார்க் விதியே கேட்பதுதான், மற்ற இரண்டையும் சேர்ப்பதற்கு உங்கள் மென்பொருளில் ஒரு கட்டம் கூட்டினால் போதும். கல்லுக்கு நேராக இயற்கை, சிந்தெடிக், கண்ணாடி நிரப்பியது, ஏ.டி., கண்ணாடி, சோதிக்காதது என்பதில் எது உண்மையோ அதைத் தமிழில் எழுதுங்கள். வெறும் 'ரூபி', 'ஸ்டோன்' போதாது. இயற்கை என்று சொல்லிக் காரட் விலை வாங்கும் கல்லுக்கு ரத்தினச் சோதனைக்கூடச் சான்று இல்லாமல் விற்காதீர்கள். ராசிக்கல் மோதிரத்துக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். நம்பிக்கையோடு வருகிறவரிடம் அவசரப்படுத்தி விற்பது உங்களில் சிலருக்குப் பழக்கமாகிவிட்டது.

பழைய நகை வாங்கும்போது கல்லைக் கழற்றுவதற்கு முன்னால் ஒருமுறை, கழற்றிய பின் ஒருமுறை, வாடிக்கையாளர் பார்க்க எடை போடுங்கள். கழற்றிய கல் அவருடையது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு காகிதத்தில் மடித்து அவர் கையில் கொடுங்கள். என் தங்கையின் கற்கள் எந்தத் தட்டில் கிடக்கின்றன என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியும், அதையும் கொடுத்தனுப்ப வேண்டும். ரூபி என்று பில் போட்ட அந்த நெக்லஸின் கல் விலையையும் திருப்பித் தரவேண்டும். அவளைப் போல் வாங்கி ஏமாந்தவர்கள் பில்லோடு வந்தால் அவர்களுக்கும் அதே நியாயம்.

பட்டறைக்கு வேலை அனுப்பும் சீட்டில் கல் இன்னது என்று எழுதி அனுப்புங்கள். எழுதாமல் அனுப்பிய கல் தீயில் கெட்டால் கூலியில் பிடிக்கக் கூடாது.

ஒவ்வொரு கல் நகைக் கவுன்ட்டரிலும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாடிக்கையாளர் எடுத்துப் பார்க்கும்படி வையுங்கள். வளைகோடு எப்படி இருக்கும், குமிழி எப்படி இருக்கும் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நான் வருகிறேன். மகளையும் அழைத்து வருகிறேன். காசு வேண்டாம், கடை பூட்டிய பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் புதுப் பில் அச்சுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் மாற்றுங்கள். மாறாவிட்டால், அந்த வரி அச்சடித்த பில்லோடு வருகிற யாராக இருந்தாலும் அவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்துக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும், புதுச்சேரிக்காரர்களை அங்குள்ள ஆணையத்துக்கும் கூட்டிப்போவதாக இருக்கிறேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும் இப்போதே அக்கம்பக்கத்தில் சொல்லி வருகிறேன். என் தங்கையின் பில்தான் முதல் பில்.

இப்படிக்கு,
கல் கட்டும் பத்தர் ஒருவர்
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்